குங்கா, கோங்கா?

பாங் மல்சுன் அக்காவின் அப்பாவுக்குப் பொரி வெடிக்கிற தொழில். போர்யோங் பக்கத்துச் சந்தைகளில் இரும்பு உருளைக்குள் அரிசியையோ சோளத்தையோ கொட்டி, நெருப்பின் மேல் சுழற்றிக்கொண்டே இருப்பார். பதம் வந்ததும் மூடியைத் தட்டுவார். பொரி வலைக்குள் பாயும், கூடவே பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்: "ப்பொங்!" தட்டுவதற்கு முன்னால் "ப்பொங் வருதுங்கோ!" என்று ஊருக்கே கேட்கக் கூவ வேண்டும். கூவாமல் தட்டினால் சண்டை வரும்.

ஒரு குளிர்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஐந்தாவது மகளைக் கூப்பிட்டு, ஒரு பலகையில் அந்தச் சொல்லை எழுதி வண்டிமுன் நிறுத்தச் சொன்னார். மல்சுன் அப்போது மூன்றாம் வகுப்பு. படகுக்குப் பூசி மிச்சமிருந்த கறுப்புச் சாயத்தை எடுத்தாள். அந்த ஊர் எழுத்துகளை மேலும் கீழுமாக அடுக்கி எழுதுவார்கள். மேலே இருக்கிற இரட்டை எழுத்தைக் காற்று அடைத்த கன்னங்களைப் போல உப்பவைத்தாள். கீழே வருகிற வட்டத்தைத் திறந்த வாயாகப் போட்டாள். வட்டத்தின் விளிம்பு ஒரு பக்கம் கிழிந்து, சாயம் பலகைக்கு வெளியே தெறித்திருந்தது.

பலகையை நிறுத்தினார்கள். இயந்திரம் இன்னும் அடுப்பில்கூட ஏறவில்லை. சந்தைக்குள் நுழைந்த ஆட்கள் பலகையைப் பார்த்ததும் பட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்கள். தலையில் முட்டைக்கூடையோடு வந்த ஒரு பெண்ணும் பொத்திக்கொண்டாள், இரண்டு கையாலும். கூடை கீழே போயிற்று. அத்தனை முட்டைக்கும் ஈடாக அப்பா அன்றைய பொரி முழுவதையும் கொடுக்க வேண்டியிருந்தது. "ப்பொங்" என்றால் அந்த ஊர்ப் பேச்சில் பொய், புளுகு என்றும் பொருள். வெடிக்காத வெடிக்கு முட்டை உடைந்த கதையைச் சந்தை ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது.

"அப்பா முதுகுல நாலு வச்சாரு. எனக்கு வலிக்கவே இல்லடி. நான் எழுதுனது அவங்க காதுல கேட்டிருக்கே! அதையே நினைச்சுக்கிட்டு நின்னேன்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மல்சுன் என்ற பெயரில் உள்ள "மல்" என்பதற்குக் கடைசி என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் இத்தோடு போதும் என்று கடவுளுக்கு விட்ட விண்ணப்பம் அது. அதே ஒலிக்குப் பேச்சு, சொல் என்றும் பொருள் உண்டு. யாராவது பெயரைப் பற்றிக் கேலி செய்தால் அக்கா இரண்டாவது பொருளை எடுத்துக் காட்டுவாள். "கடவுள் முதல் அர்த்தத்த எடுத்துக்கல. எனக்குப் பின்னாடியும் தங்கச்சி ஒருத்தி பொறந்தா."

பத்தொன்பது வயதில் புச்சோன் நகரத்துக்கு வந்து ஒரு சித்திரக்கதைக் கூடத்தில் சேர்ந்தாள். பென்சில் கோடுகளை அழிப்பதுதான் வேலை. படங்களுக்கு நடுவே சத்தங்களை எழுதுகிற பையன் பட்டாளத்துக்குப் போய்விட, ஓவியர் ஒரு பக்கத்தை இவள் முன்னால் போட்டு, "இவன் கீழ விழுறான். இந்த இடத்துல குங்னு ஒண்ணு எழுதிடு" என்றார்.

"எங்க விழுறான்?"

"தரையிலதான். வேற எங்க விழுவான்?"

"பலகைத் தரையா, மண்ணா? மழை பெஞ்சிருக்கா? ஆளு ஒல்லியா, தொப்பையா?"

"ஏம்மா, நீ எழுத்து எழுத வந்தியா, பொணத்த விசாரிக்க வந்தியா?"

அவள் விடவில்லை. கூடத்தில் வேலை பார்த்த பையன்களை ஒவ்வொருவராக விழச் சொன்னாள். நாற்காலியிலிருந்து, மேசையிலிருந்து, மழை நாளில் வாசல் சேற்றில். சேற்றில் விழுந்தால் "சொல்பொதொக்" என்று வருகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். அந்தச் சொல்லை அவள் எழுதியபோது ஒவ்வொரு எழுத்தும் முந்தியதைவிட அகலமாக, கடைசி எழுத்து பக்கத்தின் அடியோரம் வரை வழிந்து கிடந்தது. பார்த்த ஓவியர் தன் காற்சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டாராம், சேறு பட்டுவிட்டதோ என்று. பையன்களில் எல்லோரையும்விட நன்றாக விழுந்தவனை அக்கா கட்டிக்கொண்டாள். அவர் இப்போது ரொட்டிக்கடை வண்டி ஓட்டுகிறார். இடுப்பு வலி இருக்கிறது.

அந்தக் கூடம் கலைந்த பிறகும் அக்காவுக்கு வேலை குறையவில்லை. இப்போது கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற சித்திரக்கதைகளுக்கு வீட்டிலிருந்தே சத்தம் எழுதுகிறாள். முதலில் தூரிகையால் காகிதத்தில் எழுதிப் பார்ப்பாள். பிடித்ததைப் படமெடுத்து அனுப்புவாள். பிடிக்காதவை குளிர்பதனப் பெட்டி மீது, குளியலறைக் கதவில், ரொட்டி வண்டியின் உள்பக்கம் என்று ஒட்டிக் கிடக்கும்.

கேனாரி குடியிருப்பில் அவள் வீடு 702. நான் 703. நான் தமிழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்று தெரிந்த முதல் நாளே கதவைத் தட்டி, "எழுநூத்தி மூணு, உங்க ஊர்ல மழை என்ன சொல்லும்?" என்று கேட்டாள்.

"சோ-ன்னு பெய்யும்க்கா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சோ என்றால் இங்கே மாடு. "அடிப்பாவி, மாடு மாடா பெய்யுமா? அப்ப குடை பத்தாதே, தொழுவமில்ல வேணும்!" மறுநாள் என் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வானத்திலிருந்து "சோ" என்ற எழுத்து நூற்றுக்கணக்கில் கொம்பும் வாலுமாக இறங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நாங்கள் ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

இனி நான் சொல்லப்போவது மூன்று வருஷத்துக்கு முந்திய வசந்தகாலத்தில் நடந்தது.

702க்கு நேர் மேலே 802. அங்கே குடியிருப்போர் சங்கத் தலைவர் மேங் கிதேக்கும் அவர் மனைவி தாக் யோன்சிலும் இருந்தார்கள். தலைவர் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் போனாலும் கொடி அவர் கையிலேயே தங்கிவிட்டது. மின்தூக்கிக்குள் வாரம் ஒரு அறிவிப்பு ஒட்டுவார். "மாடியில் நடப்பவர்களே, கீழேயும் மனிதர்கள் உண்டு." "அமைதி காப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை." கீழே அலுவலக முத்திரை.

அந்த வசந்தத்தில் தலைவர் வீட்டிலிருந்தே சத்தம் வர ஆரம்பித்தது. செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும். அக்கா முதலில் முறைப்படி காவலாளி யாங்கைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"என்ன மாதிரி சத்தம்க்கா? தடால்னா, கடமுடான்னா?" என்று யாங் கேட்டார்.

"ரெண்டும் இல்ல. முதல்ல கனமா ஒண்ணு இறங்குது. அப்புறம் ரெண்டு தேய்ப்பு."

"தேய்ப்பா? அப்ப வீடு தொடைக்கிறாங்க போல."

"வீடு தொடைக்கிறவங்க நடுவுல 'குங்'னு ஏன் குதிக்கணும்?"

"அக்கா, எனக்கு ரெண்டு வகைதான் தெரியும். நீங்க மூணாவது சொன்னா நான் எப்படிப் போய்ச் சொல்றது?"

"நீ சொல்ல வேணாம். நான் காட்டுறேன்."

அடுத்த வியாழக்கிழமை அவள் தன் கூடத்தில் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனபோது உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். மேலே கேட்டது: குங், சாக், சாக். குங், சாக், சாக். பிறகு ஒரு தடுமாற்றம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

அன்று மாலை மின்தூக்கிக்குள், தலைவரின் அறிவிப்புக்குப் பக்கத்தில், ஆளுயரக் காகிதம் தொங்கியது. "குங்" என்ற எழுத்து கன்னங்கரேலென்று, இப்போது விழுந்துவிடும் என்கிற மாதிரி. அதன் பக்கத்தில் இரண்டு "சாக்". அவற்றை மை காய்ந்த தூரிகையால் இழுத்திருந்தாள். காகிதத்தில் செருப்புத் தேய்ந்த தடம் மாதிரி இருந்தது. அடியில் சின்ன எழுத்தில், "மேலேயிருந்து வந்தது. உரியவர் பெற்றுக்கொள்ளவும்."

மின்தூக்கிக்குள் வேறு என்ன வேலை? எல்லோரும் அதைப் படித்தார்கள். இந்தக் குடியிருப்பில் மின்தூக்கி ஆமை மாதிரி ஏறும். அதனால் ஏழெட்டுத் தடவை படிக்க முடிந்தது. முதலில் மனசுக்குள், பிறகு முணுமுணுப்பாக, பிறகு வாய்விட்டு. மூன்றாம் மாடிக்காரர் கையிலிருந்த வெங்காயத்தாள் கட்டு ஆட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் நானும் யோன்சில் அம்மாவும் சேர்ந்து ஏறினோம். அவர் காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "குங், சாக், சாக்" என்று மெல்லச் சொன்னார். நான்காம் மாடி தாண்டும்போது அவர் வலது கால் தானாக முன்னால் போய், இடது கால் அதைத் தேடிக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டது.

"இது மூணு தாளம்" என்றார் என்னைப் பார்த்து. "இது வால்ஸ், ஜோடியா ஆடுறது."

எட்டாம் மாடிக்குப் போகவேண்டியவர் ஏழிலேயே இறங்கி 702 மணியை அடித்தார். என்ன நடக்கிறதென்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன். அக்கா கதவைத் திறந்ததும், சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து இடுப்பில் கை வைத்தாள்.

"இந்தச் சத்தம் எப்ப எப்ப வருது?" என்று யோன்சில் அம்மா கேட்டார்.

"செவ்வாய், வியாழன். நீங்க கையில அந்த நீலப் பையோட கிளம்பிப் போன கொஞ்ச நேரத்துல."

யோன்சில் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நீலப் பைக்குள் அவருடைய நடனச் செருப்பு இருந்தது. வட்டார அலுவலகத்து மாடியில் செவ்வாயும் வியாழனும் நடன வகுப்பு. அதற்கு முந்திய குளிர்காலத்தில் அவர் அதில் சேர்ந்தபோது தலைவர், "முழங்காலுக்கு மருந்து பூசுற வயசுல உனக்கு ஆட்டம் கேக்குதா? வாத்து குளத்துக்குப் போற மாதிரி இருக்கு" என்று சிரித்தவர். இலையுதிர் விழாவில் ஜோடியாக ஆட வேண்டும். யோன்சில் அம்மாவுக்கு ஜோடியாக அமைந்தவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். நெட்டையான ஆள், மனைவியை இழந்தவர், வாசனைத் தைலம் பூசுகிறவர்.

"மருந்துக்கடைக்காரர் பேச்ச நான் எடுத்ததிலேர்ந்து இவரு சாப்பாட்டுல உப்பு இல்லன்னாக்கூட ஒண்ணும் சொல்றதில்ல. ஏதோ உடம்பு சரியில்லன்னு நினைச்சேன். மனுஷன் எனக்குத் தெரியாம ஆடக் கத்துக்கிறாரு!"

"யாரு கத்துத் தர்றாங்க?"

"யாரு தருவாங்க? கைப்பேசியப் பாத்துதான்."

பிறகு இரண்டு பேரும் என்னையும் இழுத்து உள்ளே உட்காரவைத்துச் சிரித்த சிரிப்பில் பார்லித் தேநீர் ஆறிப்போனது. எங்கள் மூவரின் சதி அங்கேதான் கூடியது. அக்கா தொடர்ந்து எழுத வேண்டும். அன்றன்றைக்குக் கேட்டதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். யோன்சில் அம்மா வகுப்பு முடிந்து வரும்போது மின்தூக்கியிலேயே புருஷனின் முன்னேற்றத்தைப் படித்துக்கொள்வார்.

அப்படியே நடந்தது. ஒரு செவ்வாய் "குங், சாக், பித்துல்". பித்துல் என்றால் தள்ளாட்டம். அந்த எழுத்து மட்டும் ஒற்றைக் காலில் நின்றது. "பாவம், திரும்புற இடத்துல இடது கால மறந்துட்டாரு" என்று யோன்சில் அம்மா சொல்லுவார். ஒரு வியாழன் "குதாங்தாங்" என்று ஒரே ஒரு சொல், மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குப் படிக்கட்டில் உருண்ட பானை போல. அன்று யோன்சில் அம்மா வேகவேகமாக வீட்டுக்குப் போனார். தலைவர் பூத்தொட்டி தானாக விழுந்தது என்று சொன்னாராம்.

தலைவர் சும்மா இருப்பாரா? காகிதத்தைக் கிழித்தார். மறுநாள் அதே இடத்தில் "ச்சீய்க்" என்று ஒரு சொல் தொங்கியது. காகிதம் கிழிகிற சத்தம். எழுத்தின் நடுவே ஒரு பிளவு கோணல்மாணலாக இறங்கியது. அதையும் கிழித்தார், கிழிக்கும்போது அதே சத்தம் வந்தது என்று யாங் எல்லா மாடியிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு தலைவர், "அலுவலக முத்திரை இல்லாத எதையும் ஒட்டக்கூடாது" என்று அறிவிப்புப் போட்டார். அடுத்த படத்தில் முத்திரை இருக்க வேண்டிய மூலையில், சிவப்பு மையில் "க்வாங்!" என்று எழுதியிருந்தது. முத்திரை குத்துகிற சத்தம். பார்த்தால் மேசையே அதிர்வது போலிருந்தது.

"அக்கா, இது முத்திரைதானே?" என்று யாங் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"காதுக்கு அது முத்திரைதான். கண்ணுக்கும் வேணும்னா ஆபீஸ்ல போய்க் குத்திக்கச் சொல்லு."

தலைவர் கூட்டம் கூட்டினார். கீழ்த்தளக் கூடத்தில் இத்தனை பேர் தண்ணீர்க் குழாய் வெடித்தபோதுகூட வந்ததில்லை. யோன்சில் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து மின்விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். "சத்தம் வருதுன்னு புகார் சொல்றது உரிமை. அத நான் மறுக்கல. ஆனா இந்தம்மா எழுதி ஒட்டுறது அபாண்டம். யாரோ யானை நடக்கிற மாதிரி எழுதுறாங்க. யார் வீடுன்னு எனக்குத் தெரியாது. யாரா இருந்தாலும் அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"உள்ளதத்தான் எழுதுறேன் தலைவரே" என்றாள் அக்கா. "குங்னு கேட்டுது, குங்னு எழுதினேன்."

"அது குங் கிடையாதும்மா!" தலைவருக்குக் குரல் ஏறியது. "காத நல்லா தீட்டிக்கிட்டுக் கேளுங்க. அது கோங்! முதல் அடியில கொஞ்சம் அழுத்தம் இருக்கும், அவ்வளவுதான். குதிகால் தரையில படவே படாது. அடுத்த ரெண்டும் பூ விழுற மாதிரி..."

நிறுத்தினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கூடத்தில் அப்போது ஒரு சத்தமும் இல்லை. அக்காவே எழுத முடியாத அமைதி அது.

மூன்றாம் மாடிக்காரர் மெல்லக் கேட்டார். "குதிகால் படாதுன்னு தலைவருக்கு எப்படித் தெரியும்?"

தலைவரின் காது நுனிகள் இரண்டும் முதலில் சிவந்தன. பிறகு கழுத்து. பிறகு அவர் யோன்சில் அம்மா இருந்த பக்கம் பார்த்தார். அந்த அம்மா இன்னும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. கூடம் வெடித்தது. என் பக்கத்தில் இருந்த பெண் சிரிப்பு தாங்காமல் என் தொடையில் அடித்தாள்.

சிரிக்காதவள் மல்சுன் அக்கா ஒருத்திதான். அவள் முகம் வாடியிருந்தது. எல்லோரும் கலைந்து போகும்போது தலைவர் முன்னால் போய் நின்றாள்.

"கோங்குன்னா சொன்னீங்க?"

"விடுங்கம்மா. போதும், மானம் போச்சு."

"உங்க மானத்த விடுங்க தலைவரே, என் காது போச்சு! முப்பத்தஞ்சு வருஷமா இதுல சோறு திங்கிறேன். நான் குங்குன்னு எழுதினது தப்புன்னா நான் அத திருத்தணும். இப்பவே மேல வர்றேன், ஆடிக் காட்டுங்க."

இந்த இரண்டு சொல்லுக்கும் இந்த ஊர் எழுத்தில் உள்ள வித்தியாசம் ஒரு சின்னக் குச்சிதான். படுத்த கோடு ஒன்று. குச்சி அதன் மேலே நின்றால் "கோ", கீழே தொங்கினால் "கு". மேலே நின்றால் சின்னது, லேசானது, வெளிச்சமானது. கீழே தொங்கினால் பெரியது, கனமானது, இருட்டானது. குழந்தை ஓடினால் கோங்கோங். குடிகாரன் ஓடினால் குங்குங். சின்னச் சட்டியில் குழம்பு பொகுல்பொகுல் என்று கொதிக்கும். மனுஷனுக்குக் கோபம் வந்தால் வயிற்றில் புகுல்புகுல் என்று கொதிக்கும். அக்காவுக்கு அந்தக் குச்சி சாமி மாதிரி. அதைத் தலைகீழாக வைத்துவிட்டோமோ என்ற நினைப்பிலேயே அவள் படி ஏறினாள், மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நாங்களும் பின்னாலேயே ஏறினோம்.

802இல் கூடத்து நாற்காலிகள் ஏற்கனவே சுவரோரம் ஒதுக்கித்தான் இருந்தன. நடுவில் உயரமான மின்விசிறி ஒன்று நின்றது. அதன் கழுத்தில் யோன்சில் அம்மாவின் பழைய துப்பட்டா சுற்றியிருந்தது.

"இது யாரு?" என்றார் யோன்சில் அம்மா.

"நீதான்" என்றார் தலைவர் தரையைப் பார்த்தபடி. "உன் உயரத்துக்குத் திருகி வச்சிருக்கேன்."

அந்த அம்மா விசிறியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு துப்பட்டாவை அவிழ்த்து, விசிறியைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் வைத்தார். "அவ அங்க நிக்கட்டும். வாங்க, நான் இருக்கேன்."

ஆடினார்கள். தலைவர் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே ஆடினார். திரும்புகிற இடத்தில் மனைவியின் காலை மிதித்தார். "மருந்துக்கடை நெட்டையன் மிதிச்சதே இல்ல" என்று யோன்சில் அம்மா சொன்னார். சொல்லிவிட்டுக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அக்கா இதையெல்லாம் பார்க்கவே இல்லை. தரையில் குப்புறப் படுத்துக் காதை ஒட்டியிருந்தாள்.

"கோங்தான்" என்றாள் எழுந்து. "ஐயோ, சுத்தமான கோங்."

உடனே என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுப் பால்கனிச் சன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. "ஆடுங்க!" என்று கீழேயிருந்து கத்தினாள். ஆடினார்கள்.

"இங்க குங்குதான் கேக்குது!"

தலைவர் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார். "இங்க கோங்குதான்!"

"குங்!"

"கோங்!"

எதிர்க் கட்டடத்தில் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரோ "கோங்!" என்று தலைவருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள். வேறு யாரோ "குங்!" என்றார்கள். கீழே வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து யாங், "இன்னைக்கே முடிவு பண்ணிடுங்க, என்னால தினமும் முடியாது!" என்று கத்தினார்.

திடீரென்று அக்காவின் குரல் நின்றுவிட்டது. நான் கீழே போய்ப் பார்த்தபோது அவள் கூடத்தின் தரை முழுக்கக் காகிதம் விரித்து அதன்மேல் மண்டியிட்டிருந்தாள். மைக்கிண்ணத்தில் அவள் சட்டைக் கை முங்கியிருந்தது.

"தளம் முழுங்கிடுதுடி" என்றாள் நிமிராமல். "அவர் மேல இருந்து கோங்குன்னுதான் போடுறாரு. நடுவுல இருக்கிற கான்கிரீட்டு குச்சியப் பிடிச்சுக் கீழ திருப்பிடுது. ரெண்டு பேரும் பொய் சொல்லல."

காகிதத்தின் நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஒரு படுக்கைக் கோட்டை இழுத்தாள். மூச்சு விடாமல் இழுத்தாள். கோட்டுக்கு மேலே ஒரு சின்னக் குச்சியை நிறுத்தினாள். நுனிக்காலில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. கோட்டுக்குக் கீழே, அதே இடத்தில், மை சொட்டச் சொட்ட ஒரு தடித்த குச்சியைத் தொங்கவிட்டாள். மேல்பக்கத்துக்கு வேண்டிய மற்ற எழுத்துகளை மெல்லிய தூரிகையால், காற்றில் மிதக்கிற மாதிரி. கீழ்ப்பக்கத்துக்கு வேண்டியதை அகலத் தூரிகையால். மேலே கோங். கீழே குங். இரண்டுக்கும் ஒரே கோடுதான்: தலைவருக்குத் தரை, அவளுக்குக் கூரை.

எனக்கு அந்த எழுத்து பிறந்த எழுத்து இல்லை. இருபது வருஷமாகக் கடைப் பலகையிலும் மருந்துச் சீட்டிலும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளும் அது எனக்கு அழகாகத் தெரிந்ததில்லை. வேலைக்கு ஆகிற எழுத்து, அவ்வளவுதான். அன்று அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மேல்பாதியைப் பார்த்தால் மூச்சு லேசாயிற்று, கீழ்ப்பாதியைப் பார்த்தால் தலை தானாகக் குனிந்தது. பின்னாலேயே வந்த தலைவரும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் உங்களுக்கு இவ்வளவு கனமாவா கேட்டேன்?" என்றார் கடைசியில்.

"ஆமா தலைவரே. நான்தான் உங்கள இவ்வளவு லேசா கேக்கல."

"இத நான் ஒட்டலாமா?"

அவரே எடுத்துப்போய் ஒட்டினார். அலுவலகத்துக்குப் போய் உண்மையான முத்திரையும் குத்தி வாங்கிவந்தார். அந்தப் படம் கோடை முடியும்வரை மின்தூக்கியில் இருந்தது.

இலையுதிர் விழாவில் தலைவரும் யோன்சில் அம்மாவும் ஆடினார்கள். எங்கள் கட்டடமே போயிருந்தது. நன்றாக ஆடினார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். தலைவர் இரண்டு தடவை மிதித்தார்; ஒரு தடவை எதிர்த்திசையில் திரும்பி, மருந்துக்கடைக்காரரின் புது ஜோடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். யோன்சில் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வீட்டுக்கு வரும்வரை அவர் கையைத் தலைவர் விடவில்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்குத் தொல்லை வேறு விதமாக வந்தது. தங்கள் வீட்டுச் சத்தத்தையும் எழுதித் தரவேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். பசையுள்ள சோறு கிண்டுகிற சத்தம், சலவை இயந்திரம் முனகுகிற சத்தம், மருமகள் கதவைச் சாத்துகிற சத்தம். கடைசியாகச் சொன்னதை எழுத மாட்டேன் என்று அக்கா மறுத்துவிட்டாள். "கதவுக்கு ரெண்டு பக்கம் உண்டு. அந்தப் பக்கம் போய்க் கேக்காம எழுத மாட்டேன்." மருமகளிடம் போய்க் கேட்டபோது அவள் சாத்திக் காட்டினாள். மாமியார் சொன்னதைவிடப் பாதிதான் இருந்தது. ஐந்தாம் மாடியில் இரண்டு பெண்கள் தங்கள் கிம்ச்சிக் குழம்பு பொகுலா புகுலா என்று வாக்குவாதம் செய்து பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் இன்னும் அறிவிப்பு ஒட்டுகிறார். "ஒன்பது மணிக்கு மேல் குங் கூடாது. கோங் பரிசீலிக்கப்படும்."

போன வாரம் முதல் பனி விழுந்தது. அக்காவுக்குப் புதுக் கதை ஒன்றில் வேலை. அதில் பனி விழுந்து தரையில் குவிகிற இடம் வருகிறது. அதற்குச் சொல் இருக்கிறது, "சோபோக் சோபோக்". ஆனால் பனி குவியும்போது சத்தமே வராது. சத்தம் இல்லாததற்கு எப்படிச் சத்தம் எழுதுவது என்று அவள் நாலைந்து நாளாகச் சாப்பாடு தூக்கம் சரியில்லாமல் இருக்கிறாள். காகிதம் காகிதமாகக் கசக்கிப் போடுகிறாள். ரொட்டி வண்டிக்காரர் என் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

நேற்றுக் காலை நான் குப்பை போடக் கீழே இறங்கியபோது அவள் வாசலில் கம்பளிச் சட்டையோடு குனிந்து, பனிக்கு ஒரு சாண் உயரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். யாங் துடைப்பத்தோடு வந்து பெருக்க ஆரம்பித்தார்.

"நிறுத்துய்யா! நான் இன்னும் கேட்டு முடிக்கல!"

"அக்கா, பெருக்கலன்னா யாராவது வழுக்கி விழுவாங்க."

"விழட்டும். அதையும் எழுதிக்கிறேன்."

யாங் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குப்பைப் பையை மெல்லக் கீழே வைத்தேன்.